சபை என்னும் சொல்லின் வழக்கு

பிரசங்க மேடைகளில் ஒரு சொல்விளக்கம் ஓயாமல் வலம் வருகிறது. சபைக்குக் கிரேக்கத்தில் ‘எக்லேசியா’ என்று பெயர்; ‘எக்’ என்றால் வெளியே, ‘கலேயோ’ என்றால் அழைத்தல்; ஆகவே சபை என்பது ‘வெளியே அழைக்கப்பட்டோர்’ என்பார்கள். அதோடு நின்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். அடுத்த மூச்சிலேயே, “அவர்களை விட்டு வெளியே வாருங்கள்” என்கிறார்கள். ஏற்கெனவே மூன்று சபை இருக்கிற ஊரில் நான்காவது முளைக்கும்போது இந்த விளக்கத்தைத்தான் அடிக்கல்லாக நாட்டுகிறார்கள். மக்களைக் கூட்டிவைக்க வந்த சொல்லைப் பிரித்துவைக்கப் பயன்படுத்துவதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் ஆகவில்லை.

எண்ணெய் என்பதை எள் + நெய் என்று பிரிப்பது சரிதான். அதற்காகத் தேங்காயெண்ணெயில் எள்ளைத் தேடுவோமா? சொல்லின் பிறப்பு ஒன்று, வழக்கு இன்னொன்று. பவுலின் காலத்துக்குப் பல நூற்றாண்டு முன்பே எக்லேசியா என்பது நகரத்துக் குடிமக்கள் கூடும் கூட்டத்துக்குப் பெயராக நிலைத்துவிட்டது. ஏதென்ஸில் பினிக்ஸ் குன்றில் கூடியது அந்தக் கூட்டம். எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள், இஸ்ரவேலர் ஒன்றுகூடுவதைக் குறிக்கும் ‘காகால்’ என்ற சொல்லுக்குப் பல இடங்களில் இதையே இட்டார்கள். எவரை விட்டு வெளியே என்ற கேள்வி இந்த இடங்களில் எழுவதே இல்லை.

இன்னும் ஐயமிருந்தால் அப்போஸ்தலர் நடபடிகள் 19ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். எபேசுவில் தெமேத்திரியு என்ற வெள்ளித் தட்டானின் தூண்டுதலால் ஊரே திரண்டு அரங்கசாலைக்குள் பாய்கிறது. எதற்காக வந்தோம் என்பதே பெரும்பாலோருக்குத் தெரியாது. தங்கள் தேவியின் பேரைச் சொல்லி இரண்டு மணி நேரம் கூச்சலிடுகிறார்கள். லூக்கா அந்த அதிகாரத்தில் எக்லேசியா என்ற சொல்லை மூன்று இடங்களில் ஆள்கிறார். இந்த அமளிக் கும்பலுக்கும் அதுதான் பெயர். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அங்கே ‘கூட்டம்’ என்று போட்டுவிட்டதால், சபைக்கும் அந்தக் கும்பலுக்கும் மூலத்தில் ஒரே சொல் என்பது நம்மவர்க்குத் தெரியாமலே போயிற்று. எபேசுவின் தட்டார்கள் யாரால், எதிலிருந்து வெளியே அழைக்கப்பட்டார்கள் என்று மேடைக்காரர்கள் சொல்லட்டும்.

பவுலுக்கு இந்தச் சொல்லோடு சேர்ந்து வரும் வினை எது என்பதையும் பார்க்க வேண்டும். முதலாம் கொரிந்தியர் 11ஆம் அதிகாரத்தில், பந்தியைப் பற்றிய சச்சரவில், ‘கூடிவருதல்’ என்ற வினையை ஐந்து இடங்களில் சொல்கிறார். வசதியுள்ளவர் முன்னதாகவே வந்து வயிறாரத் தின்று குடித்துவிடுகிறார். பிந்தி வந்த ஏழை பசியோடு உட்கார்ந்திருக்கிறார். ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்பதுதான் பவுலின் தீர்ப்பு. எக்லேசியா என்பது அவருக்குக் காத்திருந்து கூடுவது.

ஏதென்ஸின் எக்லேசியாவில் பெண்ணுக்கு இடமில்லை, அடிமைக்கு இடமில்லை, வந்தேறிக்கு இடமில்லை. பவுல் அந்தக் கதவடைத்த சொல்லை எடுத்து, ரோமர் 16ஆம் அதிகாரத்தில் வரும் பெயர்ப்பட்டியலை அதற்குள் உட்காரவைத்தார். கெங்கிரேயா ஊர்ச் சபையின் பெபேயாள் அதில் முதலில் நிற்கிறாள். நகரத்துப் பொக்கிஷக்காரன் ஏரஸ்து இருக்கிறான்; கடிதத்தைக் கைப்பட எழுதிய தெர்தியு இருக்கிறான். இந்தச் சொல்லின் வரலாற்றில் இதைவிடப் பெரிய நிகழ்ச்சி வேறில்லை.

இனித் தமிழுக்கு வருவோம்.

சபை வடசொல். அவை என்ற தூய தமிழ்ச்சொல்லின் முன் சகரம் ஏறிச் சபையாயிற்று என்பார் சிலர். தமிழ்ப்பற்று என்ற அளவில் அவர்களை மதிக்கிறேன். சொல்லாராய்ச்சியில் அது செல்லாது. சகரம் அ, ஐ, ஔ என்ற மூன்று உயிரோடு மொழிமுதல் ஆகாது என்பது தொல்காப்பியர் விதி. அந்த விதி நடப்பிலிருந்த காலத்தில் வந்த வடசொற்கள் முதலெழுத்தை இழந்தே தமிழுக்குள் நுழைந்தன. சிராவணம் ஆவணி ஆயிற்று. சமணர் அமணரும் ஆனார். சகஸ்ரம் ஆயிரம் ஆயிற்று. சபையும் அவ்வழியே அவையாயிற்று. தொல்காப்பியத்தில் அவையல்கிளவி வருகிறது, மதுரைக்காஞ்சியில் அறங்கூறவையம் வருகிறது, திருக்குறளில் அவையறிதல், அவையஞ்சாமை என்று அடுத்தடுத்து இரண்டு அதிகாரம் இருக்கின்றன. அவ்வளவு தொன்மையான வரவு இது. முதலெழுத்தோடு கூடிய சபை பின்னால் மறுபடி வந்தது. ஒரே சொல் இரண்டு தரம் வந்து இரண்டு சொல்லாக வாழ்கிறது.

சம்ஸ்கிருதத்தில் சபா என்பதற்கு ‘சேர்ந்து ஒளிர்வது’ என்று பொருள் கூறும் மரபு உண்டு. அழகான விளக்கம், அவ்வளவே. எனக்கு உடன்பாடானது, அதை ஜெர்மானிய மொழிகளில் உறவுக்கூட்டத்தைக் குறிக்கும் ‘சிப்பெ’ என்ற சொல்லோடு இணைக்கும் கருத்து. மூலத்தில் ‘தன்னவர் கூட்டம்’ என்ற பொருள் இருந்திருக்க வேண்டும். அந்தப் பொருளுக்குத் தமிழ்நாட்டுக் கல்லெழுத்தே துணை நிற்கிறது.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. 919இல் ஒன்று, 921இல் ஒன்று. குடவோலை முறைக்காகப் பள்ளிக்கூடப் பாடத்தில் எல்லாரும் படித்தவை. யார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இடலாம் என்பதை இரண்டாவது கல்வெட்டில் வாசியுங்கள். கால்வேலிக்கு மேல் இறைகட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல் 70க்குள். வேதம் கற்றிருக்க வேண்டும். சோழர் காலத்தில் சபை என்றாலே பிரமதேயத்து நிலவுடைமைப் பிராமணர் கூட்டம். வெள்ளாண்வகைக் கிராமத்தார் கூடினால் அதற்கு ஊர் என்று பெயர். வணிகர் கூடினால் நகரம். பறைச்சேரியிலும் ஈழச்சேரியிலும் இருந்தவர்கள் எந்தக் கூட்டத்திலும் கணக்கில்லை.

அப்படிப்பட்ட ஒரு சொல்லைத்தான் தமிழ்க் கிறிஸ்தவர் எடுத்துக்கொண்டார்கள். சீர்திருத்தச் சபைகளின் பழைய விசுவாசப் பிரமாணத்தில் ‘பொதுவாயிருக்கிற’ என்ற அடை சபைக்கு உண்டு. கத்தோலிக்கர் கிரேக்கச் சொல்லை அப்படியே வைத்துக் ‘கத்தோலிக்கத் திருச்சபை’ என்கிறார்கள். இரண்டுக்கும் மூலம் ஒன்றே, ‘முழுமைக்கும் உரியது’ என்ற பொருள். ஆனால் தமிழில் பொது என்பதற்கு ஓர் ஆழம் உண்டு. பொது + இல் = பொதியில். மன்றமும் பொதியிலும் சங்க நூல்களில் சேர்ந்தே வரும்; எவரும் வந்து ஒதுங்கலாம், வழிப்போக்கனும் படுக்கலாம். உத்திரமேரூர்ப் பெருமக்களிடம் ‘பொதுவான சபை’ என்று சொல்லியிருந்தால் அவர்களுக்கு அது விளங்கியே இராது. நமக்கு ஞாயிறுதோறும் வாயில் வருகிறது.

வாயில் வருவது வேறு, சுவரில் இருப்பது வேறு. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்துத் திருக்குடும்ப ஆலயம் 1872இல் எழுந்தது. பீடம் ஒன்று, அதிலிருந்து இரண்டு கூடங்கள் காற்சட்டையின் கால்கள்போல் விலகிப் போகும். ஒன்றில் பிள்ளைமாரும் முதலிமாரும். மற்றதில் நாடார் முதலான ஏனையோர். நடுவில் சுவர். இரு பக்கத்தாரும் பூசைவைக்கும் குருவைப் பார்க்கலாம். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. 1910 வாக்கில் ஆயர் உத்தரவால் சுவர் இடிபட்டது. தங்களுக்குத் தனியிடம் வேண்டும் என்று வழக்கு தொடுத்தவர்கள் சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். சீர்திருத்தச் சபைக்காரர்கள் இதைச் சொல்லிக் கத்தோலிக்கரைக் குறைகூற இடமில்லை. சபையில் சாதி கூடாது என்று கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை விட்டபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் எத்தனையோ பேர் பாத்திரத்தில் உதடு பகிர்வதைவிடச் சபையை விடுவதே மேல் என்று போனார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரும்புலவரே சாதி ஆசாரத்துக்காக வாதாடி எழுதியவர். இன்றைக்கும் கல்யாணப் பேச்சில் “நீங்க எந்தச் சபை?” என்று கேட்கிறவர் விசுவாசப் பிரமாணத்தைப் பற்றியா கேட்கிறார்?

பந்தியில் பிரிவது புதிதன்று. கிறிஸ்தவர் என்ற பெயர் முதலில் வழங்கிய ஊர் அந்தியோகியா. அங்கே போதகராயிருந்தவர்கள் பட்டியலில் சீப்புருத் தீவின் பர்னபா, நீகர் என்னப்பட்ட சிமியோன், சிரேனே ஊரான் லூகி, ஏரோதோடு வளர்ந்த மனாயீன், தர்சுவின் சவுல் என்று ஐந்து பேர், ஐந்து வழிவந்தவர்கள். அதே அந்தியோகியாவில்தான் பேதுரு, யாக்கோபின் ஆட்கள் வந்ததும் புறஜாதியார் பந்தியிலிருந்து எழுந்து விலகினார். பவுல் முகத்துக்கு முன்பாகவே கண்டித்தார். பொதுப்பெயரும் பந்திச்சண்டையும் ஓரூரில் பிறந்தவை.

இந்தக் கூடுதலுக்குக் கிரேக்கத்தில் ‘கொய்னோனியா’ என்று பெயர். பழைய தமிழ் வேதாகமம் அதை 1 யோவானில் ஐக்கியம் என்றும், அப்போஸ்தலர் நடபடிகள் 2ஆம் அதிகாரத்தில் அந்நியோந்நியம் என்றும் பெயர்த்தது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் பின்னதை நட்புறவு என்று மாற்றியது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து உழைத்த நூல் என்பதால் அதன்மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு. இந்த ஓரிடத்தில் இழப்பு அதிகம். ஐக்கியம் ஏகம் என்பதன் வழி வந்தது. ஒன்றாகக் கரைவதைச் சொல்வது. வீரசைவர் ஆறு நிலையில் கடைசி நிலை ஐக்கியம். சோதியில் ஐக்கியமானார் என்றால் அப்புறம் ஆள் தனியாக இல்லை. அந்நியோந்நியம் அப்படியன்று. அந்நிய + அந்நிய, மற்றவர், மற்றவர். அந்நியர் இருவரும் அந்நியராகவே சொல்லுக்குள் இருக்க, சொல் நெருக்கத்தைக் குறிக்கிறது. நாடாரும் பறையரும், ஆர்.சி.யும் பெந்தெகொஸ்தேயும் ஒரு பந்தியில் உட்காருவதற்கு இதைவிடப் பொருந்திய சொல்லை எந்த மொழிபெயர்ப்பாளரும் தரவில்லை. கணவன் மனைவிக்கென்று மட்டும் நாம் அதை ஒதுக்கிவிட்டது பெரும் தவறு.

பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் 1908இல் இணைந்தபோது வைத்த பெயர் தென்னிந்திய ஐக்கிய சபை. பிறகு 1919 மே மாதம் தரங்கம்பாடியில் வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் மற்ற ஊழியரும் கூடி, பிரிந்து கிடப்பது தங்கள் வேலையன்று, வெளியிலிருந்து தங்கள்மேல் சுமத்தப்பட்ட பிரிவு என்று அறிக்கை விட்டார்கள். பேச்சு 28 ஆண்டு நடந்தது. வெள்ளாளன்விளையில் பிறந்து தோர்ணக்கல் பேராயரான அசரியா 1945 ஜனவரி முதல் நாள் காலமானார், முடிவைப் பார்க்கவில்லை. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கரும் மெதடிஸ்தரும் அந்த ஐக்கிய சபையோடு சேர்ந்தார்கள். ஐக்கியம் பெரிதானது; பெயரில் ஐக்கிய என்ற அடை போய்விட்டது. தென்னிந்தியத் திருச்சபை, அவ்வளவுதான். சபை என்ற சொல்லே அந்த அடையின் வேலையையும் சேர்த்துச் செய்யும் என்று பெயர் வைத்தவர்களுக்குத் தோன்றிவிட்டது என்றே நான் கொள்கிறேன்.

அந்தச் சொல்லுக்கு இன்னும் ஒரு கடன் பாக்கியிருக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் சபை தன்னைப் பற்றிப் பேசும்போது ‘பெருங்குறி மகாசபையோம்’ என்று தன்மைப் பன்மையில் பேசும். ஊர் பேசினால் ஊரோம், நாடு பேசினால் நாட்டோம். நம் ஆராதனைப் புத்தகத்தில் குருவானவர் ஒரு வரி, அடுத்த வரியின் தலைப்பில் ‘சபையார்’. அறிவிப்பிலும் சபையார்தான். படர்க்கை, யாரோ அவர்கள். ஓம் என்ற அந்த விகுதி தமிழில் நாங்களுக்கும் பொது, நாமுக்கும் பொது. உத்திரமேரூரார் சபையோம் என்றபோது அது நாங்கள். கேட்பவனை வெளியே நிறுத்திய நாங்கள். வடக்கன்குளத்துச் சுவர் இடிந்த பிறகு, அசரியாவுக்குப் பிறகு, அதே விகுதியை நாம் என்று சொல்ல நமக்குத்தான் உரிமை உண்டு. புத்தகத்தின் அடுத்த பதிப்பில் சபையார் என்று இருக்கும் இடமெல்லாம் சபையோம் என்று அச்சாக வேண்டும்.