கிண்டி காடு பாதியான கதை

1/ களமருதூர் பக்கமிருந்து சென்னைக்குப் போறவங்க, பிள்ளைங்களோட கிண்டி சிறுவர் பூங்காவுல மான் பார்த்திருப்பீங்க. அந்தக் காடு யாருக்குச் சொந்தமா இருந்துச்சு தெரியுமா?

2/ 1670களில் கவர்னர் லாங்ஹார்ன் அங்கே ஒரு தோட்ட மாளிகை கட்டினார். சுத்தியிருந்த வேட்டைக்காட்டை 1821ல் அரசு 35,000 ரூபாய்க்கு வாங்கியது. 1910ல் அது காப்புக்காடு: 505 ஹெக்டேர், சுமார் 1,250 ஏக்கர்.

3/ சுதந்திரத்துக்கு அப்புறம் பங்கு பிரிஞ்சது. 1958ல் ஐஐடிக்கு ஒரு பகுதி. அதே வருஷம் நேரு சொல்லி சிறுவர் பூங்கா. 1970களில் ராஜாஜி, காமராஜர் நினைவகங்கள். இதுல எதைத் தப்புன்னு சொல்வீங்க?

4/ டாக்டரா ஒண்ணு சொல்றேன். வெட்டுப்பட்டு ரத்தம் கொட்டினா உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடிவருவீங்க. மூலத்துல சொட்டுச் சொட்டா போனா, உடம்பு வெளுத்த பிறகுதான் வருவீங்க. கிண்டிக்கும் அதுதான் நடந்தது.

5/ 1978ல் தேசியப் பூங்கா ஆக்கினப்போ மிஞ்சினது சுமார் 270 ஹெக்டேர். புள்ளிமானும் வெளிமானும் இன்னைக்கு நிக்கிற இடம் அவ்வளவுதான்.

6/ நாளைக்கு உங்க ஊர் ஏரியிலயோ தோப்புலயோ "நல்ல காரியத்துக்குத்தான், கொஞ்சம் இடம்"னு கேட்பாங்க. ஏற்கனவே எவ்வளவு போச்சு, மிச்சம் எவ்வளவுன்னு முதல்ல கேளுங்க.