காசியோப்பியா ஏ: எக்ஸ் கதிர் ஆய்வுகள்

காசியோப்பியா ஏ, பெருநிறை விண்மீன் ஒன்று வெடித்துச் சிதறியதன் எச்சம். பூமியிலிருந்து ஏறத்தாழ 11,000 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது; குறுக்களவு சுமார் 10 ஒளியாண்டு. சிதறல்கள் விரியும் வேகத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டால், வெடிப்பின் ஒளி 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். ஆயினும் அதை நேரில் கண்டதாக ஐயமற்ற பதிவு எதுவும் இல்லை. 1948இல் வானியலாளர்கள் மார்ட்டின் ரைலும் கிரகாம் ஸ்மித்தும் இதை ரேடியோ அலைகளில் கண்டறிந்தனர்.

வெடித்த விண்மீனின் பொருள் நொடிக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுப்புற வாயுவில் மோதுகிறது. அதனால் ஓர் அதிர்ச்சி அலை வெளிநோக்கிப் பாய்கிறது. இன்னொன்று சிதறல்களுக்குள்ளேயே ஊடுருவி அவற்றைப் பல கோடி டிகிரிக்குச் சூடேற்றுகிறது. அந்த வெப்பத்தில் வாயு பெரிதும் எக்ஸ் கதிர்களாகவே ஒளிர்கிறது. இக்கதிர்களை வளிமண்டலம் உறிஞ்சிவிடுவதால் தொலைநோக்கி விண்வெளிக்குச் சென்றாக வேண்டும். நேராக விழும் எக்ஸ் கதிரைக் கண்ணாடி திருப்பி அனுப்பாது. குளத்தில் தாழ்வாக எறிந்த ஓட்டாஞ்சில்லு தத்திச் செல்வதுபோல, மிகச் சாய்வாகப் பட்டால் மட்டுமே அது தெறிக்கும். எனவே இத்தொலைநோக்கிகளின் ஆடிகள் ஒன்றனுள் ஒன்றாகச் செருகிய குழாய்களின் வடிவில் அமைகின்றன.

1999 ஜூலை 23 அன்று ஏவப்பட்ட சந்திரா தொலைநோக்கி, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற இயற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கியது. அடுத்த மாதம் வெளியான அதன் முதல் படமே காசியோப்பியா ஏதான். எச்சத்தின் நடுவில் அதுவரை எவரும் கண்டிராத ஓர் ஒளிப்புள்ளி அதில் தெரிந்தது. விண்மீனின் மையம் நசுங்கி உருவான நியூட்ரான் விண்மீன் அது.

படத்தைவிட நிறமாலை தந்த செய்தி பெரிது. ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் கதிர் வீசும்: சிலிக்கான் சுமார் 1.9 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டிலும், கடும் வெப்பத்தில் உள்ள இரும்பு சுமார் 6.7இலும். இவற்றைப் பிரித்து வரைந்தபோது, தென்கிழக்கில் சிலிக்கானுக்கும் வெளியே இரும்பு காணப்பட்டது. இரும்பு உருவாவதோ விண்மீனின் ஆழத்தில்! வெடிப்பு அப்பகுதியில் அடுக்குகளையே புரட்டிப்போட்டிருந்தது.

ஆனால் அதிர்ச்சி அலை தொட்ட இரும்பு மட்டுமே இவ்வாறு ஒளிரும். தொடாத உட்பகுதியைக் காட்டியது, 2012இல் ஏவப்பட்ட நூஸ்டார் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி. வெடிப்பின் மையத்தருகே உருவாகும் டைட்டானியம்-44, சுமார் 60 ஆண்டு அரைவாழ்வு கொண்ட கதிரியக்கப் பொருள். அதன் சிதைவில் எழும் 68, 78 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிர்கள் வெப்பத்தைச் சார்ந்தவை அல்ல. 2014இல் வெளியான நூஸ்டாரின் வரைபடத்தில் டைட்டானியம் சீரான கோளமாகவும் இல்லை, எதிரெதிர்த் தாரைகளாகவும் இல்லை. ஒழுங்கற்ற திட்டுகளாகக் கிடந்தது. மையத்தில் கொதித்துப் புரண்ட பொருளே வெடிப்பை ஒருபுறச் சாய்வுடன் உந்தியது என்ற கருத்துக்கு இது வலுவான சான்று. பெரும்பாலான டைட்டானியம் சென்ற திசைக்கு ஏறக்குறைய எதிர்த்திசையில் நியூட்ரான் விண்மீன் நகர்வதும் இதனோடு பொருந்துகிறது.

எச்சத்தின் வெளிவிளிம்பில் மெல்லிய இழைகள் தெரிகின்றன. அங்கு ஒளிர்பவை, ஒளிவேகத்தை நெருங்கும் எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழலும்போது வெளியிடும் கதிர்கள். 2021 டிசம்பரில் ஏவப்பட்ட ஐஎக்ஸ்பிஇ தொலைநோக்கி அக்கதிர்களின் முனைவாக்கத்தை, அதாவது அலைகள் ஒரே திசையில் அதிரும் அளவை, அளந்தது. அது மிகக் குறைவாக இருந்ததால், அங்குள்ள காந்தப்புலம் பெரிதும் சிக்குண்டு கிடப்பது தெரியவந்தது.