ஆக்சிஜனேற்ற அழுத்தம்

உயிரணுவுக்குள் உருவாகும் வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள், அவற்றை அடக்கும் நொதிகளை மிஞ்சிவிடும் நிலை. ஜெர்மன் உயிர்வேதியியலாளர் ஹெல்முட் சீஸ் 1985இல் இக்கருத்தை வரையறுத்தார். 'ஆக்சிஜன்' என்ற சொல் அதற்கும் மூத்தது; 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் கிரேக்க வேர்களிலிருந்து ஆக்கியது. 'அமிலத்தை ஆக்குவது' என்று பொருள். எல்லா அமிலத்திலும் அது உண்டென்று அவர் நினைத்தது தவறு. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. தமிழில் அதை நாம் உயிர்வளி என்கிறோம்.

மாசடைந்த ஆற்றில் வாழும் மீனுக்கும் இந்த அழுத்தம் நேரும். சிற்றாறு தாமிரபரணியோடு கூடும் சீவலப்பேரிதான் முக்கூடற் பள்ளு என்னும் சிற்றிலக்கியம் பாடிய முக்கூடல். நெல்லை மாநகரின் சாக்கடையைச் சுமந்த ஆறு இவ்வழியேதான் இறங்குகிறது. இப்படிப்பட்ட நீரில் கெண்டைக்கு என்ன நேரும்? அதன் செவுள் மூடியைத் தூக்கினால் சீப்புப் பற்கள்போல் சிவந்த இழைகள் தெரியும். அவற்றின் தோல் மிக மெல்லியது. உயிர்வளி நுழையும் அதே இடத்தில் செம்பு, காட்மியம், பூச்சிமருந்து எல்லாம் நுழைகின்றன. அவை உயிரணுவின் கொழுப்புச் சவ்வை ஆக்சிஜன் அரிக்கும்படி செய்கின்றன. கேட்டலேஸ் முதலிய நொதிகள் முதலில் பெருகி எதிர்க்கும். நஞ்சு நீடித்தால் அவையும் குன்றும்.

மீன் செத்து மிதந்தால்தான் நாம் பதறுகிறோம். அதற்கு வெகுமுன்பே சேதம் தொடங்கிவிடும். கொழுப்புச் சவ்வு அரிக்கப்படும்போது உண்டாகும் மலோண்டையால்டிஹைடு மீனின் ஈரலில் எவ்வளவு கூடியிருக்கிறது என்று அளந்தால் அந்தச் சேதம் தெரியும். ஆற்றுநீர்ச் சோதனையோடு இதையும் சேர்த்தே செய்ய வேண்டும்.