சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை

சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை (சுருக்கமாக ஐஏஆர்சி) உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு. 1965 மே 20 அன்று நிறுவப்பட்ட இதன் தலைமையகம் பிரான்சின் லியோன் நகரில் உள்ளது. சிகிச்சை அளிப்பதும் சட்டம் இயற்றுவதும் இதன் வேலை அல்ல. புற்றுநோய் எங்கே, யாருக்கு, எதனால் வருகிறது, அதை எப்படித் தடுக்கலாம் என்று பல நாட்டு ஆய்வாளர்களுடன் சேர்ந்து ஆராய்ந்து, முடிவுகளை எல்லா நாடுகளுக்கும் பொதுவாக வைப்பதே இதன் பணி.

தோற்றம்

மனைவியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த இவ் போஜ்ஜியோலி என்ற பிரெஞ்சுக்காரரின் முயற்சியால் தூண்டப்பட்டு, 1963இல் பிரான்சின் பிரமுகர்கள் சிலர் அதிபர் சார்ல் த கோலிடம் ஒரு வேண்டுகோள் வைத்தனர். பெரிய நாடுகள் தம் ராணுவச் செலவில் அரை சதவீதத்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு ஒதுக்க வேண்டும் என்பது அதன் சாரம். த கோல் அதை ஏற்று முன்னெடுத்தார். கேட்ட அளவு நிதி வரவில்லை என்றாலும் முகமை உருவானது. பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பிரிட்டன், அமெரிக்கா ஆகியவை நிறுவன உறுப்பு நாடுகள். முதல் இயக்குநர் ஜான் ஹிக்கின்சன். இந்தியா 2006இல் உறுப்பினரானது.

பதிவேடுகள்

குறிப்பிட்ட பகுதியில் வாழும் மக்களில் எத்தனை பேருக்கு, எந்த வகைப் புற்றுநோய் புதிதாக வந்தது என்று இடைவிடாமல் குறித்துவைப்பது மக்கள்தொகை சார்ந்த புற்றுநோய்ப் பதிவேடு. ஒரே நோயை ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு விதமாகக் குறித்தால் ஒப்பிட முடியாது. அதனால் பொதுவான குறியீட்டு முறை, தரச் சோதனை, வயது வேறுபாட்டைச் சீராக்கும் கணக்கு ஆகியவற்றை முகமை வலியுறுத்துகிறது. பதிவேடுகளுக்கென ‘கேன்ரெக்’ மென்பொருளையும் இலவசமாகத் தருகிறது. தேர்ந்த பதிவேடுகளின் தரவு ‘ஐந்து கண்டங்களில் புற்றுநோய் நிகழ்வு’ என்ற தொகுதிகளில் இடம்பெறுகிறது. முதல் தொகுதி 1966இல் வெளிவந்தது.

அடையாறு புற்றுநோய் மையத்தில் 1981இல் தொடங்கிய சென்னைப் பதிவேடும் இந்தத் தொகுதிகளுக்குத் தரவு அளித்துள்ளது. இதன் பணியாளர்கள் மருத்துவமனைகளுக்கு நேரில் சென்றும், இறப்புப் பதிவுகளைப் பார்த்தும் விவரம் சேகரிக்கிறார்கள். பதிவேடுகள் இல்லாத நாடுகளுக்கு அவற்றை உருவாக்க உதவும் உலகளாவிய திட்டத்தின் வட்டார மையங்களில் ஒன்று மும்பை டாடா நினைவு மையத்தில் உள்ளது.

இத்தகைய தரவுகளிலிருந்து கிடைக்கும் உலக மதிப்பீடு ‘குளோபோகேன்’. 2022இல் சுமார் 2 கோடிப் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் வந்தது என்றும், 97 லட்சம் பேர் அதனால் இறந்தனர் என்றும் அது கணக்கிட்டது.

காரணிகளை மதிப்பிடுதல்

வேதிப்பொருள்கள், கிருமிகள், பழக்கங்கள், தொழில்கள் போன்றவை புற்றுநோயை உண்டாக்குமா என்று முகமை கூட்டும் வல்லுநர் குழுக்கள் வெளியான ஆய்வுகளை அலசி முடிவு சொல்கின்றன. இந்தத் திட்டம் 1970களின் தொடக்கத்திலிருந்து நடக்கிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை பிரிவு 1. அநேகமாக உண்டாக்கக்கூடியவை 2ஏ. உண்டாக்க வாய்ப்புள்ளவை 2பி. வகைப்படுத்தப் போதிய சான்று இல்லாதவை 3. புகையிலைப் புகை, கல்நார், மதுபானம், வெளிக்காற்று மாசு ஆகியவை பிரிவு 1இல் உள்ளன. புகையிலை சேர்த்த வெற்றிலைப் பாக்கு 1985இலேயே புற்றுநோய்க் காரணி என்று மதிப்பிடப்பட்டது. புகையிலை சேராத தாம்பூலமும் கொட்டைப்பாக்கும் பின்னர் 2003இல் கூடிய குழுவால் அதே பிரிவில் வைக்கப்பட்டன.

ஒரே பிரிவில் இருப்பதால் இரண்டு பொருள்கள் சம அளவு ஆபத்தானவை ஆகிவிடுவதில்லை. பிரிவுகள் சான்றின் வலுவை மட்டுமே காட்டுகின்றன. எவ்வளவு உட்கொண்டால் எத்தனை பேருக்கு நோய் வரும் என்பதைச் சொல்வதில்லை. 2015இல் பதப்படுத்திய இறைச்சி பிரிவு 1இல் சேர்ந்தபோது, அது புகையிலைக்கு நிகரானது என்று பலர் தவறாகப் புரிந்துகொண்டனர். அதே ஆண்டில் கிளைஃபோசேட் களைக்கொல்லி 2ஏ பிரிவில் வைக்கப்பட்டது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதற்கு மாறான முடிவுக்கு வந்ததால் பெரும் சர்ச்சை எழுந்தது.

தடுப்பு ஆய்வுகள்

வசதி குறைந்த இடங்களுக்கேற்ற பரிசோதனை முறைகளையும் முகமை ஆராய்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையான பெண்களிடையே, உள்ளூர் நிறுவனங்களுடன் சேர்ந்து 2000இல் தொடங்கிய ஆய்வு இதில் குறிப்பிடத்தக்கது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி, வெண்மையாக மாறும் இடங்களைக் கண்ணால் பார்த்துக் கண்டறிந்தனர். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பெண்களிடையே, மற்றவர்களைவிடக் கருப்பை வாய்ப் புற்றுநோய் நிகழ்வு 25 சதவீதமும் அதனால் இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தன. முடிவு 2007இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது.

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு எதிரான ஹெச்பிவி தடுப்பூசி ஆய்வை இந்தியாவில் முகமை 2009இல் தொடங்கியது. 2010இல் அரசு ஆணையால் ஊசி போடுவது நிறுத்தப்பட, சிறுமிகள் பலர் ஒரே தவணையோடு நின்றனர். அவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில் ஒரு தவணையும் வலுவான பாதுகாப்புத் தருவது தெரிந்தது. பிற நாட்டு ஆய்வுகளும் இதை உறுதிசெய்ய, ஒரு தவணையை மாற்று முறையாகப் பின்பற்றலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் அறிவித்தது.