நஞ்சுக்கும் கையேந்தும் தேயிலை

தேயிலை இலங்கைக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தருகிறது என்பது பாடநூல்கள் கூறும் செய்தி. அத்தேயிலையை நோயினின்றும் பீடையினின்றும் காப்பதற்கான இரசாயனங்களுக்காக அச்செலாவணியில் ஒரு பகுதி ஆண்டுதோறும் வெளிநாடு செல்கிறது என்பது பாடநூல்கள் கூறாத செய்தி. இஃது இயற்கையின் விதியன்று. இதற்கொரு வரலாறு உண்டு.

பிரித்தானியர் மலைநாட்டுக் காடுகளை அழித்து நிறுவிய கோப்பித் தோட்டங்களில் 1869இல் துரு நோய் கண்டறியப்பட்டது. கண்ணுக்கெட்டிய தூரமெங்கும் ஒரே பயிர் நின்ற சரிவுகளில் அது தடையின்றிப் பரவியது. 1880 முதல் 1882 வரை இங்கு தங்கி ஆராய்ந்த மார்ஷல் வார்ட், நோயை விளைவிக்கும் பங்கசின் இயல்பை விளக்கினார். எனினும் கோப்பி பிழைக்கவில்லை. செம்புச் சல்பேற்றும் சுண்ணாம்பும் கலந்த போர்தோ கலவையை 1885இல் பிரான்சில் மில்லார்தே அறிமுகஞ் செய்தபோது, இங்கு கோப்பி சரிந்துகொண்டிருந்தது. துரைமார் தேயிலைக்கு மாறினர். பயிர் மாறிற்று, ஒற்றைப் பயிர் முறை மாறவில்லை.

அதன் விலை 1946இல் கேட்கப்பட்டது. அவ்வாண்டு இலங்கைத் தேயிலையில் கொப்புள நோய் தோன்றியது. மழையும் மூடுபனியும் நிறைந்த மாதங்களில் அது தாக்குவது இளங்கொழுந்தையே. கொழுந்தே விளைச்சலாதலால், செம்பு மருந்து தெளிப்பது தோட்ட வேலையின் நிலையான அங்கமாயிற்று. செம்பை அகழ்ந்து உருக்கும் தொழில் நம்நாட்டில் இல்லை. ஆகவே மழை பெய்யுந்தோறும் கப்பலை எதிர்பார்க்கும் நிலை ஏற்பட்டது.

இதற்கு நேர்மாறான அனுபவம் ஒன்றும் நம் வரலாற்றிலேயே உண்டு. தேயிலையின் இலைசுருட்டிப் புழுவை ஒடுக்குவதற்காக, 1935-36ஆம் ஆண்டுகளில் யாவாவிலிருந்து ஒருவகை ஒட்டுண்ணிக் குளவி தருவிக்கப்பட்டது. அது புழுவின் உடலில் முட்டையிட்டு, அதனையே தன் குஞ்சுகளுக்கு இரையாக்கியது. தோட்டங்களில் நிலைபெற்றுத் தானே பெருகிப் புழுவை அடக்கியது. அதுவும் இறக்குமதிதான். ஆனால் ஒருமுறை வந்த குளவி மறுமுறை விலை கேட்கவில்லை. நஞ்சோ ஒவ்வோராண்டும் கேட்கிறது. சார்பை முடிக்கும் இறக்குமதி, சார்பை வளர்க்கும் இறக்குமதி என இரண்டுண்டு என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

1950களில் தண்டுதுளைக்கும் வண்டை ஒழிக்க டீல்ட்ரின் என்னும் நஞ்சு தெளிக்கப்பட்டது. அது வண்டோடு நில்லாமல் குளவியையும் கொன்றது. காவலன் மடியவே, அடங்கியிருந்த இலைசுருட்டிப் புழு மீண்டும் பெருகியது. ஒரு நஞ்சு உண்டாக்கிய தேவையை நிரப்ப இன்னொரு நஞ்சு! வணிகருக்கு இதனினும் நல்ல சந்தை வேறேது?

பீடைகொல்லிகள் சில இன்று உள்நாட்டில் கலக்கப்பட்டு, உள்நாட்டுப் பெயரோடு விற்பனையாகின்றன. இதனைத் தற்சார்பு எனக் கொள்வது மயக்கமே. உயிர்கொல்லும் மூலப்பொருள் வெளியிலிருந்து வருகிறது. நீர்க்கச் செய்வதும் போத்தலில் அடைப்பதுமே இங்கு நடைபெறுகின்றன.

இச்சார்பின் ஆழம் 2021இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயன உரங்களினதும் பீடைகொல்லிகளினதும் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நஞ்சற்ற வேளாண்மை என்பது முழக்கம். வற்றிக்கொண்டிருந்த செலாவணி அதன் பின்னணி. மாற்றுவழிகள் எவையும் முன்னரே ஆயத்தஞ் செய்யப்படவில்லை. நவம்பரில் அரசு பின்வாங்கிய பின்னரும் பாதிப்பு நீங்கவில்லை. 2021இல் ஏறத்தாழ 29.9 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, 2022இல் ஏறத்தாழ 25.1 கோடி கிலோவாக வீழ்ந்தது. இவ்வீழ்ச்சியில் உரத் தட்டுப்பாட்டின் பங்கு பெரிது. கட்டளையிட்டவர் எவருக்கும் கூலி குறையவில்லை. கொழுந்து குறைந்தபோது வருமானம் இழந்தோர் கூடை சுமந்த பெண்களும் சிறுதோட்டக்காரருமே.

நஞ்சைத் தொடர்ந்து தெளிக்க வேண்டுமென்பது நம் வாதமன்று. அதனை முதுகிற் சுமந்து தெளிப்பவனும், தெளித்த செடியில் கொழுந்து பறிப்பவளும் உழைக்கும் மக்களே. ஆனால் ஒன்றரை நூற்றாண்டு வேரூன்றிய சார்பை ஒரு வர்த்தமானி அறிவித்தலால் பிடுங்கிவிட முடியாது. நோயெதிர்க்கும் தேயிலை இனங்கள், பீடையை உண்ணும் உயிரினங்கள், கலப்புப் பயிர்முறை ஆகியன பற்றிய ஆராய்ச்சி மக்கள் உடைமையாக வளர்தல் வேண்டும்; அந்த அறிவு தோட்டத் தொழிலாளியின் கைக்கு எட்டுதல் வேண்டும். அந்தக் குளவியை இங்கு நிலைபெறச் செய்தது ஆராய்ச்சி. அதனைக் கொன்றது அவசரம். எதனை வளர்ப்பது என்பதை இனியேனும் உழைப்போர் தீர்மானிக்கட்டும்.