சட்டமன்றத்தில் காவல்துறையின் பதில்: எழுதுவது யார், சரிபார்ப்பது யார்?

தொப்பம்பட்டி ஒன்றியத்தின் தலித் குடியிருப்பு ஒன்றிலிருந்து ஓர் இளைஞரைக் காவலர்கள் இரவில் அழைத்துச் செல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் காயங்களோடு திரும்பினால், அல்லது திரும்பாமலே போனால், அரசின் சார்பில் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார்? அரசமைப்புச் சட்டத்தின் 164(2)ஆம் பிரிவு தரும் விடை தெளிவானது: அமைச்சரவை சட்டமன்றத்துக்குக் கூட்டாகப் பொறுப்புடையது. நடைமுறையில் அந்தப் பொறுப்பு இலாகாக்களாகப் பிரிந்து கிடக்கிறது. தமிழ்நாட்டில் காவல்துறையைப் பெரும்பாலும் முதலமைச்சரே தம்மிடம் வைத்துக்கொள்வது வழக்கம். நீதிமன்றங்களும் சிறைகளும் சட்ட அமைச்சரிடம் இருக்கும். ஆகவே காவல் நிலையத்தில் விழுந்த அடிக்கு ஓர் அமைச்சரும், அதே மனிதர் சிறைக்குள் போன பிறகு அவருடைய உயிருக்கு இன்னோர் அமைச்சரும் பதில் சொல்ல வேண்டியவர்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு மனிதர் தொலைந்துபோக முடியும்.

சட்டமன்றத்தில் இந்தப் பதில் எப்படி உருவாகிறது என்பதைப் புரிந்துகொள்ள 2022ஆம் ஆண்டின் ஒரு வழக்கே போதும். அந்த ஆண்டு ஏப்ரல் 18 இரவு, சென்னையில் வாகனச் சோதனையின்போது விக்னேஷ் என்ற 25 வயது இளைஞர் பிடிக்கப்பட்டார். மறுநாள் தலைமைச் செயலகக் காலனி காவல் நிலையத்தின் காவலில் இருந்தபோது இறந்தார். ஏப்ரல் 26 அன்று எதிர்க்கட்சித் தலைவர் எடப்பாடி பழனிசாமி உள்ளிட்டோர் கவன ஈர்ப்பின் வழியே இதை அவையில் எழுப்பினார்கள். காவல்துறையைத் தம் பொறுப்பில் வைத்திருந்த முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பதிலளித்தார். ஆட்டோவில் கஞ்சா இருந்தது, காவலர்களைத் தாக்க முயன்றார்கள், காலை உணவுக்குப் பின் வாந்தியும் வலிப்பும் வந்தன, மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார் என்பது அந்தப் பதிலின் சாரம். பணியிடை நீக்கங்களும் குற்றப் புலனாய்வுத் துறை விசாரணையும் அதே பதிலில் அறிவிக்கப்பட்டன. பத்து நாள் கழித்து, மே 6 அன்று, அதே அவையில் அதே முதலமைச்சர் எழுந்து, உடற்கூராய்வில் 13 காயங்கள் காணப்பட்டதாகவும் வழக்கு கொலை வழக்காக மாற்றப்பட்டதாகவும் தெரிவித்தார். காவலர்கள் கைது செய்யப்பட்டார்கள். பின்னர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்க்கப்பட்டது.

இரண்டாவது பதிலை வரவேற்கிறோம். தன் முதல் பதிலை அவையிலேயே மாற்றிச் சொன்ன அரசுகள் குறைவு. நம் கேள்வி முதல் பதிலைப் பற்றியது. ஓர் உறுப்பினரின் வினா பேரவைச் செயலகத்திலிருந்து உள்துறைக்கும், அங்கிருந்து காவல்துறைத் தலைமை இயக்குநர் அலுவலகத்துக்கும், பிறகு படிப்படியாகக் கீழிறங்கிச் சம்பந்தப்பட்ட காவல் நிலையத்துக்கும் போகிறது. குறிப்பு அதே படிகளில் மேலேறி வருகிறது. எந்தப் படியிலும் இறந்தவரின் குடும்பத்தையோ, உடற்கூராய்வு செய்த மருத்துவரையோ, விசாரிக்கும் நீதித்துறை நடுவரையோ கேட்க வேண்டிய கட்டாயமில்லை. குற்றம் சாட்டப்பட்ட நிலையம் எழுதிய கதைதான் அமைச்சரின் குரலில் அவைக்குறிப்பில் ஏறுகிறது. அவைக்குறிப்பில் ஏறிய பிறகு அது அரசின் நிலைப்பாடு. அதற்கு மாறாக ஒரு புலனாய்வு அதிகாரி எழுதத் துணிவாரா?

இது ஒரு கட்சியின் பழக்கமன்று. 2022இல் வினா எழுப்பிய பழனிசாமி, 2020 ஜூனில் முதலமைச்சராக இருந்தபோது சாத்தான்குளம் ஜெயராஜ், பென்னிக்ஸ் மரணங்கள் பற்றி வெளியிட்ட அறிக்கையில் மூச்சுத்திணறலும் உடல்நலக்குறைவும்தான் இருந்தன, அடி இல்லை. அந்தத் தந்தையும் மகனும் காவல் நிலையத்திலிருந்து கோவில்பட்டி கிளைச் சிறைக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்கிருந்து மருத்துவமனைக்குப் போய் இறந்தார்கள். மேலே சொன்ன இலாகா இடைவெளி அதுதான். உண்மையை வெளியே கொண்டுவந்தது சட்டமன்றமன்று. தானாக முன்வந்து வழக்கை எடுத்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும், அது அனுப்பிய நீதித்துறை நடுவரும், நடந்ததைச் சொல்லத் துணிந்த ஒரு பெண் தலைமைக் காவலரும்தான். பரமக்குடியில் 2011 செப்டம்பர் 11 அன்று, இமானுவேல் சேகரன் நினைவு நாளில் தலித்துகள் சுட்டுக்கொல்லப்பட்டபோதும், மறுநாளே அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா அவையில் விளக்கமளித்துவிட்டார். பின்னர் அமைக்கப்பட்ட நீதிபதி சம்பத் ஆணையம் துப்பாக்கிச் சூட்டை நியாயப்படுத்தியது. விளக்கம் முதலில், விசாரணை பிறகு.

வினாவின் அமைப்பும் இதற்கு இடம் கொடுக்கிறது. ‘அரசு அறியுமா? நடவடிக்கை எடுக்குமா?’ என்று கேட்டால் ‘ஆம், சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது’ என்றே பதில் வரும். தேதியையும் ஆவணத்தையும் கேட்கும் வினாவுக்கு அப்படி நழுவ முடியாது. காவல் மரணம் எனில், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(1அ) பிரிவின்கீழ் (இப்போது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 196ஆம் பிரிவு) நடுவர் விசாரணை தொடங்கிய தேதி எது? தேசிய மனித உரிமை ஆணையத்துக்கு 24 மணி நேரத்துக்குள் தகவல் போனதா? பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டபடி நிலையத்தின் கண்காணிப்புக் கேமராப் பதிவு பாதுகாக்கப்பட்டுள்ளதா? ‘வழக்கு நீதிமன்றத்தில் உள்ளது’ என்ற பழகிய கேடயம் இவற்றுக்குப் பொருந்தாது. இவை குற்றம் நடந்ததா என்று கேட்கவில்லை. அரசு தன் கடமையைச் செய்ததா என்றே கேட்கின்றன.

தலித் மக்களைப் பொறுத்தவரை கேட்கவே படாத வினா இன்னொன்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, வழக்குப் பதியாமலும் 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாமலும் வேண்டுமென்றே கடமை தவறும் அரசு ஊழியருக்கு (அவர் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாதவராயின்) ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. முதல் தகவல் அறிக்கைக்குப் பதிலாக மனு ரசீதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வருபவர்களை நாம் வாரந்தோறும் பார்க்கிறோம். 18அ பிரிவு முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்று சொன்ன பிறகும் இதே நிலைதான். 4ஆம் பிரிவின்கீழ் இந்த மாவட்டத்தில் எத்தனை காவலர்மீது வழக்கு உள்ளது என்று எந்த உறுப்பினரும் கேட்டு நாம் அறியவில்லை.

காவலர்மீதான புகாரை விசாரிக்கச் சுதந்திரமான ஆணையம் வேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாடு 2013இல் இயற்றிய சட்டம் அந்த நாற்காலிகளில் உள்துறைச் செயலாளரையும் தலைமை இயக்குநரையும், மாவட்டத்தில் ஆட்சியரையும் கண்காணிப்பாளரையும் உட்கார வைத்தது. இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

சட்டமன்றத்துக்கு வெளியே உறுப்பினர்கள் காவல்துறையை நேருக்கு நேர் கேட்கக்கூடிய மேசைகள் உண்டு. 1995ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 16ஆம் விதி, முதலமைச்சர் தலைமையில் மாநிலக் கண்காணிப்புக் குழுவை அமைக்கிறது. அது ஜனவரியிலும் ஜூலையிலும் கூட வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி சட்டமன்ற உறுப்பினர் அனைவரும் அதில் இருப்பார்கள். தனித்தொகுதிகள் மட்டுமே 46 என்பதால் இது சிறிய எண்ணிக்கையன்று. தமிழ்நாட்டில் பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2021 ஆகஸ்டில்தான் அக்குழு கூடியது. நிலக்கோட்டை தனித்தொகுதி என்பதால் திண்டுக்கல் மாவட்டத்துக்கு அங்கே ஓர் இடம் உறுதி.

தொப்பம்பட்டிக்கு நெருக்கமானது 17ஆம் விதி. ஆட்சியர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டிய மாவட்டக் குழுவில் காவல் கண்காணிப்பாளரும், மக்களவை, சட்டமன்ற உறுப்பினர்களும், பட்டியல் சாதி, பழங்குடியினரைச் சேர்ந்த அலுவல்சாரா உறுப்பினர்களும் இருப்பார்கள். மாவட்டத்தின் ஏழு தொகுதிகளின் உறுப்பினர்களுக்கும் இது பொருந்தும். 17அ விதியின்படி கோட்ட அளவிலும் ஒரு குழு உண்டு. தொப்பம்பட்டிக்கு அது பழனிக் கோட்டம். அங்கே காவல் அதிகாரி மேசையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பார். அவருடைய விளக்கத்தைப் பாதிக்கப்பட்டவர் தரப்பு அறிந்தவர்கள் அந்த இடத்திலேயே மறுக்க முடியும். இக்குழுக்கள் கடந்த நான்கு காலாண்டுகளில் எந்தெந்தத் தேதிகளில் கூடின, எந்த உறுப்பினர் வந்தார், எந்த வழக்கு பேசப்பட்டது என்ற கூட்டக் குறிப்புகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் யாரும் கேட்கலாம். விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய். பதில் தர முப்பது நாள். கிடைத்த குறிப்பில் உங்கள் சட்டமன்ற உறுப்பினரின் பெயர் இல்லையென்றால், அந்த நகலோடு அவருடைய அலுவலகத்துக்குப் போகலாம்.