சுற்றுச்சூழல் வழக்கறிஞராக வேண்டுமா? கேமரன் மலை மாணவர்கள் எந்தச் சட்டக் கல்வியைத் தேர்வு செய்வது

திரிங்காப் – கேமரன் மலையில் ஒரு மணிநேரம் பலத்த மழை பெய்தால் ஆறு தே தாரேக் நிறத்தில் ஓடுவது இங்குள்ள பிள்ளைகளுக்குப் பழகிப்போன காட்சி. 2013 அக்டோபர் 23 அதிகாலை, ரிங்லெட் சுல்தான் அபு பாக்கார் அணையின் நீர் திறந்துவிடப்பட்டபின் பெர்த்தாம் வேலியைச் சேற்று வெள்ளம் மூழ்கடித்தது. உயிர்களும் போயின. பாதிக்கப்பட்டவர்கள் பின்னர் நீதிமன்றப் படியேறினர். இத்தகைய வழக்குகளை நடத்தும் துறைதான் சுற்றுச்சூழல் சட்டம். மலையிலிருந்து அதைப் படிக்கப் போக நினைக்கும் மாணவருக்கும் அவர் பெற்றோருக்கும் சில விவரங்கள் முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

மலேசியாவில் இளங்கலை நிலையில் எல்லாரும் எடுப்பது பொதுவான சட்டப் பட்டம்தான். அதில் சுற்றுச்சூழல் சட்டம் பெரும்பாலும் கடைசி ஆண்டுகளில் வரும் ஒரு விருப்பப் பாடமாக இருக்கும். ஆகவே விளம்பரத்தில் "பசுமை" என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று பார்ப்பதில் பயனில்லை. படித்து முடித்ததும் இந்நாட்டு நீதிமன்றத்தில் நின்று வாதாட அந்தப் பட்டம் வழிவிடுமா என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் இதைத் தீர்மானிக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகம், மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம், அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம், உத்தாரா மலேசியப் பல்கலைக்கழகம் முதலியவற்றின் சட்டப் பட்டதாரிகள் சி.எல்.பி. தேர்வு எழுதத் தேவையில்லை. தனியார் தரப்பில் மல்டிமீடியா பல்கலைக்கழகத்துக்கும் அந்தச் சலுகை உண்டு. யு.ஐ.டி.எம். பட்டமும் அங்கீகாரம் பெற்றதே. ஆனால், அங்கு பூமிபுத்ரா மாணவர்களுக்கே இடம்.

மற்றத் தனியார் கல்லூரிகள் வழியாக இங்கிலாந்து பட்டம் பெறுவோர் சி.எல்.பி. எழுதித் தேற வேண்டும். ஐந்து தாள்கள். கல்லூரிக் கட்டணத்தைக் கணக்கிடும் பெற்றோர் பலர் இந்தத் தேர்வுக்கான வகுப்புச் செலவையும், தவறினால் வீணாகும் காலத்தையும் கணக்கில் சேர்ப்பதில்லை. தோட்டச் சம்பளத்திலோ காய்கறித் தோட்ட வருமானத்திலோ பிள்ளையைப் படிக்கவைக்கும் குடும்பத்துக்கு இது சிறிய விஷயமல்ல. இங்கிலாந்தில் பாரிஸ்டர் தகுதி பெற்றுத் திரும்பும் வழியும் உண்டு. அதற்கான செலவு இன்னும் அதிகம். இந்தியா உட்பட எந்த வெளிநாட்டில் படிக்க நினைத்தாலும், அந்தப் பட்டம் சட்டத் தொழில் தகுதி வாரியத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கட்டக்கூடாது.

எனவே எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் முடித்துப் பொதுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பதே பெரும்பாலான மலைநாட்டுக் குடும்பங்களுக்கு ஏற்ற வழி. மூயெட் தேர்வில் நல்ல பேண்ட் வேண்டும், நேர்முகத் தேர்வுக்கும் தயாராக இருக்க வேண்டும். எஸ்.பி.எம். மலாய்மொழியையும் அலட்சியப்படுத்தக் கூடாது. வழக்கறிஞராகப் பதிவு பெறும்போதும் மலாய்மொழித் தகுதி கேட்கப்படும்.

இடம் கிடைத்தபின் எந்தப் பாடங்களில் கவனம் வைப்பது? நிலம், காடு ஆகியவை மாநில அரசின் அதிகாரத்தில் உள்ளவை. 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டமோ மத்திய அரசின் சட்டம். கேமரன் மலையில் ஒரு மலைச்சரிவு வெட்டப்பட்டால், அது பகாங் நில அலுவலகத்தின் பொறுப்பா, மாவட்ட மன்றத்தின் பொறுப்பா, சுற்றுச்சூழல் துறையின் பொறுப்பா என்ற கேள்வியிலேயே பாதி வழக்கு ஓடிவிடும். அதனால் நிலச் சட்டமும் நிர்வாகச் சட்டமும் வலுவாகக் கற்பிக்கப்படும் இடம், சுற்றுச்சூழல் பாடம் மட்டும் பேர்சொல்ல இருக்கும் இடத்தைவிட மேல்.

சாட்சியச் சட்டமும் அப்படியே. பேராக், புக்கிட் மேராவில் ஏசியன் ரேர் எர்த் ஆலையின் கதிரியக்கக் கழிவை எதிர்த்து மக்கள் 1985இல் வழக்குத் தொடுத்தனர். 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. நிபுணர்களின் அறிவியல் சாட்சியத்தில் யாருடையதை ஏற்பது என்பது அந்த வழக்கின் மையமாக இருந்தது. (ஆலை மறு ஆண்டே மூடப்பட்டது என்பது வேறு கதை.) மக்கள் தரப்பில் வாதாடியவர்களில் ஒருவர் மீனாட்சி ராமன். பின்னாளில் அவர் சஹாபாட் அலாம் மலேசியாவின் தலைவரானார். இந்தத் துறையில் தமிழ்ப் பெயர்கள் புதியவை அல்ல. எஸ்.பி.எம்.மில் அறிவியல் பிரிவு எடுத்த மாணவர் சட்டத்துக்குப் போனால் படிப்பு வீணாகிவிடும் என்று சொல்வோருக்கும் இந்த வழக்கே பதில்.

இந்தியத் தீர்ப்புகளையும் தேடிப் படிக்கலாம். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் பாலாற்றுப் பகுதி கெட்டது குறித்த வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், இந்திய உச்சநீதிமன்றம் 1996இல் "மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும்" என்ற கோட்பாட்டை நிலைநாட்டியது. அதே ஆண்டு மலேசிய மேல்முறையீட்டு நீதிமன்றம் தான் தெக் செங் வழக்கில், அரசியலமைப்பின் 5ஆவது பிரிவில் உள்ள "உயிர்" என்ற சொல்லுக்குள் மாசற்ற சூழலில் வாழும் உரிமையும் அடங்கும் என்றது. அது ஓர் ஆசிரியரின் வேலை நீக்க வழக்கு என்பதுதான் வியப்பு.

வேலை வாய்ப்பு வழக்கறிஞர் நிறுவனத்தோடு நின்றுவிடாது. அரசுத் தரப்பு வழக்கறிஞர் பணி, சுற்றுச்சூழல் துறை, ஊராட்சி மன்றங்கள், அரசு சாரா இயக்கங்கள், பெரிய நிறுவனங்களின் சட்டப் பிரிவுகள் என வாய்ப்புகள் உள்ளன. 2012இல் சுற்றுச்சூழல் நீதிமன்றங்கள் அமைக்கப்பட்டன. 2024 சட்டத் திருத்தம் உச்ச அபராதத்தை 1 கோடி ரிங்கிட் வரை உயர்த்தியதால், நிறுவனங்களும் இத்துறை தெரிந்தவர்களைத் தேடும். ஆனால், பட்டம் முடித்தபின் ஒன்பது மாதம் சேம்பரிங் உண்டு. அந்தக் காலத்துக்கான உதவித்தொகை இடத்துக்கு இடம் மாறும். கோலாலம்பூர் வீட்டு வாடகையையும் முன்பே யோசித்து வைக்க வேண்டும்.

விண்ணப்பம் போடும் முன், பள்ளி விடுமுறையில் தானா ராத்தா மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு ஒரு காலை வேளை போய்வரலாம். திறந்த நீதிமன்றத்தில் யாரும் உட்கார்ந்து கேட்கலாம். ஒழுங்கான உடையும் காலணியும் அணிந்து, கைப்பேசியை அடைத்துவிட்டுப் போனால் போதும்.